மதுக்கடை எங்கே என்று யார் சொல்வது?

தமிழ்நாட்டில் அரசின் டாஸ்மாக் மதுக்கடைக்கு இடம் பார்க்கும்போது சட்டம் முதலில் கேட்பது தூரத்தை. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். விற்பதும் அரசு, அளப்பதும் அரசு.

அளவு நாடாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கிலிருந்து வந்த தீர்ப்பு அது. கேரளத்தின் வட பறவூரில் ஒரு பார், வாசலுக்கு முன்னே சுவர்களை எழுப்பி, வளைந்து வளைந்து போகும் நடைபாதை அமைத்துத் தூரத்தைக் கூட்டிக்கொண்டது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் தந்தது.

இலங்கையில் கடை தனியாருடையது. அனுமதிப்பத்திரம்தான் அரசின் கையில். 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. பௌர்ணமி நாளான போயா தினத்தில் நாடு முழுக்க மதுக்கடைகள் பூட்டப்படும். யாழ்ப்பாணத்தில் தவறணை எனப்படும் கள்ளுக்கடையில் கள் சட்டப்படி கிடைக்கும். தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளுக்குத் தடை.

ஆனால் அனுமதிப்பத்திரம் அரசியல் சலுகையாக மாறும் ஆபத்து இலங்கையில் பெரிது. புதிதாகக் கொடுத்தவற்றின் பட்டியல் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, போரில் நொந்துபோன கிளிநொச்சியும் அதில் இருந்தது. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் அது. பார் வேண்டுமா என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காததன் விலையை இந்தியாவும் கண்டது. கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி, செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார்.

மகாராஷ்டிரம் வேறு வழி வைத்திருக்கிறது. வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனுக் கொடுத்தால், கடை பற்றி இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேற்பட்டோர் படுத்த பாட்டிலுக்கு முத்திரை குத்தினால் கடையை மூட வேண்டும். பெண்கள் மட்டும் வாக்களித்து மூடவும் வழியுண்டு. இலங்கைக்கும் இது புதிதல்ல. வெள்ளையர் ஆட்சியில், 1920களிலேயே ஊரார் வாக்களித்துத் தவறணைகளை மூடியிருக்கிறார்கள். அந்த வாக்குச்சீட்டு கிளிநொச்சிப் பெண்களுக்கும் உண்ணாமலைக்கடைப் பெண்களுக்கும் இன்றே கிடைக்க வேண்டும்.