பிளேடு முனையில் பிறந்த இசை

1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' தொடர் தொடங்கியது. அதன் முகப்பிசை எந்த வாத்தியத்தில் வாசித்தது என்று கேட்டவர்களுக்குப் பிடிபட்டிருக்காது. வாத்தியம் என்று ஒன்று இருந்தால்தானே!

மெட்டு ரான் கிரெய்னருடையது. அவர் எழுதித் தந்த தாளில் சில இடங்களில் சுரங்களே கிடையாது. 'காற்றுக் குமிழி', 'மேகம்' என்பது போன்ற குறிப்புகள்தாம். அந்த மேகத்தைக் காதில் விழவைக்கும் வேலை டெலியா டெர்பிஷைருக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். லண்டன் மெய்டா வேலில் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை. கூடவே டிக் மில்ஸ். சிந்தசைசர் கைக்கு வராத காலம் அது. டேப் ரெக்கார்டர்கள், கருவிகளைச் சோதிக்கும் ஆஸிலேட்டர்கள், ஒரு பிளேடு. அவ்வளவுதான் கச்சேரிக் குழு.

திஸ்ர நடையில் துள்ளி ஓடும் அந்தக் கீழ்ஸ்தாயியை மட்டும் தனியே கேளுங்கள். ஒரே தந்தி, ஒரே மீட்டல். அதைப் பதிந்த நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும், இரட்டை வேகத்தில் ஒரு ஸ்தாயி மேலே போகும். வேண்டிய சுரங்களையெல்லாம் அந்த ஒரு மீட்டலிலிருந்தே கறந்துவிட்டார் டெலியா. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடினால் அரை நொடிச் சுரம் என்பது ஏழரை அங்குலத் துண்டு. தாளக் கணக்கு இங்கே அங்குலக் கணக்கு. ஒவ்வொரு சுரத்தையும் அளந்து, வெட்டி, ஒட்டியிருக்கிறார். அப்படியும் எல்லாம் ஒரே அச்சாக இல்லை: ஒன்று அழுத்தமாக விழுகிறது, அடுத்தது சற்றே ஒதுங்குகிறது, இன்னொன்று வழுக்கி மேலேறுகிறது.

மேலே ஊளையிட்டபடி வளைந்து வரும் மெட்டு, ஆஸிலேட்டரின் திருகைக் கையால் திருப்பிப் பிடித்த ஜாரு. கமகம் விரலில் இல்லை, மணிக்கட்டில்! இடையே 'உஸ்' என்று சீறுகிறதே, அது வடிகட்டிய வெண் இரைச்சல். கிரெய்னரின் மேகம் அதுதான்.

அடுக்குகளை ஒன்றுசேர்க்கப் பல தட இயந்திரம் கிடையாது. தனித்தனி நாடாக்களை ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டுக் கலக்க வேண்டும். ஒருமுறை எங்கோ ஒரு சுரம் தப்பியது. நாடாக்களை நீண்ட நடைக்கூடத்தில் பக்கம் பக்கமாக விரித்து, எந்த ஒட்டு வரிசை பிசகியிருக்கிறது என்று கண்ணாலேயே தேடிப் பிடித்தார்கள்.

டெலியாவின் காதுக்கு இன்னொரு சாட்சி, அங்கே கிடந்த பச்சை நிறப் பழைய உலோக விளக்கு மூடி. தட்டினால் கணீரென்று கார்வை நிற்கும். அதைப் பதிந்து, அடி விழும் முதல் கணத்தை மட்டும் அகற்றினார். எதில் தட்டிய ஓசை என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் கணம்தான். அது போனால் மிஞ்சுவது ஊர் பேர் தெரியாத ரீங்காரம். அதன் உள்ளே ஒலிக்கும் சுரங்களைப் பிரித்தறிந்து, ஆஸிலேட்டர்களில் மீண்டும் கட்டியெழுப்பினார். சகாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு அவர் அமைத்த இசையில் பாலைவனத்தின் வெக்கையாக மிதப்பது அந்த விளக்கு மூடிதான். ஒட்டகங்களின் குளம்படியோ, அவர் தம் குரலையே நறுக்கிச் செய்தது.

'டாக்டர் ஹூ'வின் திரைப்பட்டியலில் டெலியாவின் பெயர் 2013இல்தான் ஏறியது. அவர் மறைந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கிடையே 1980இல் பீட்டர் ஹோவெல் அதே இசையை சிந்தசைசரில் புதிதாக அமைத்தார். பளிச்சென்று, பிசிறில்லாமல், நன்றாகவே இருக்கிறது. என் ஓட்டு பழையதற்குத்தான். சுரத்துக்குச் சுரம் ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார் என்பது அதில் காதுக்குத் தெரிகிறது.