கெளுத்தித் தீவனமும் ‘சத்து’ என்னும் சொல்லும்: தமிழ் மீன்வளர்ப்புக் கையேடுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தவிடு, பிண்ணாக்கு முதலிய உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு தீவனம் தயாரிக்கும் முறையை எளிய நடையில் விளக்குவது தமிழ் மீன்வளர்ப்புக் கையேடுகளின் நற்கூறாகும். எனினும், கெளுத்தி வளர்ப்பைப் பொறுத்தவரை இக்கையேடுகளின் பொதுவான மொழிவழக்கு, புரதத்திற்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவை மறைத்துவிடுகிறது. இதனைப் பரமக்குடி வட்டாரச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

சத்து என்னும் சொல்

புரதச்சத்து, கொழுப்புச்சத்து, மாவுச்சத்து, நார்ச்சத்து எனத் தீவனக் கூறுகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. ‘சத்து’ என்னும் சொல் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக நிறுத்துகிறது. ஆற்றலோ தனிப்பொருளன்று, புரதம், கொழுப்பு, மாவு ஆகிய மூன்றும் உடலில் எரிந்து தரும் அளவு. ஆதலின் அதற்குப் பட்டியலில் இடமில்லாது போகிறது. ‘சரிவிகிதத் தீவனம்’ என்று தலைப்பிட்டுவிட்டு, உள்ளே விழுக்காட்டை மட்டும் தருவது இதன் விளைவே.

விழுக்காடும் விகிதமும்

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1993-இல் வெளியிட்ட பரிந்துரை, சேனல் கெளுத்திக்கு 32 விழுக்காடு புரதத்தையும் கிலோவுக்கு 3,000 கிலோகலோரி செரிமான ஆற்றலையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அதாவது, ஒரு கிராம் புரதத்திற்கு ஏறத்தாழ 9.4 கிலோகலோரி. 30 விழுக்காடு புரதமுள்ள இரு தீவனங்களில் ஒன்று 2,700, மற்றொன்று 3,600 கிலோகலோரி தருவதாகக் கொள்வோம். விழுக்காடு ஒன்றே, விகிதமோ முறையே 9, 12. இரண்டாவதை உண்ணும் மீன் ஆற்றல் நிறைந்ததும் இரையைக் குறைத்துக்கொள்ளும். தசைக்கு வேண்டிய புரதம் குறையும். வயிற்றில் கொழுப்பு சேரும்.

கெண்டை மீன்களுக்குரிய தவிடு–கடலைப் பிண்ணாக்குச் சமகலவையைக் கெளுத்திக்கும் நீட்டிப்பது மற்றொரு குறை. பிண்ணாக்கில் 40–45, தவிட்டில் ஏறத்தாழ 12 விழுக்காடு புரதம் எனக் கொண்டால், கலவையில் 26–28.5 விழுக்காடே கிடைக்கும். கெண்டைக் குளத்தில் மிதவை உயிரிகள் எஞ்சிய தேவையை ஈடுசெய்யும். நெருக்கமாக இருப்புச் செய்யப்படும் கெளுத்தியோ பெரிதும் இடும் தீவனத்தையே சார்ந்துள்ளது.

பரமக்குடிச் சூழல்

வைகைக் கரையில் அமைந்த பரமக்குடி வட்டாரத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. குளத்து நீரை அடிக்கடி மாற்றும் வாய்ப்பு இங்கு அரிது. தீவனத்தில் ஆற்றல் குறைந்தால் மீன் புரதத்தையே எரிக்கும்; அதன் நைட்ரஜன் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கும். 32 விழுக்காடு புரதமுள்ள 100 கிலோ தீவனத்தில் 5 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் உண்டு. தசையாகாத பகுதி குளத்திற்கே சேரும். வெப்பமும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும்.

நாட்டுக் கெளுத்தி காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லது. ஆகவே உயிர்வளி குறைந்த நீரிலும் அது பிழைத்திருக்கும். மீன் சாகவில்லை என்பதைத் தீவனம் சரி என்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது. பிழை மெல்ல வளரும் மீனாகவும் ஏறும் தீவனச் செலவாகவும் அறுவடையிலேயே வெளிப்படும்.

மறுப்பும் விடையும்

உழவர் ஆற்றலை அளக்க இயலாதே என்று வினவலாம். அளக்க வேண்டுவதில்லை, கணக்கிட்டால் போதும். கிராமுக்குப் புரதம் 4, மாவு 4, கொழுப்பு 9 கிலோகலோரி என்னும் பொது அளவு தோராய மதிப்பீட்டிற்கு உதவும். செரிமான வேறுபாட்டைத் திருத்தி, உள்ளூர்ப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை அளிப்பது கையேட்டாசிரியரின் கடமை.

முடிவுரை

‘புரத–ஆற்றல் விகிதம்’ என்னும் தொடர் தமிழ்க் கையேடுகளில் நிலைபெற வேண்டும். புரத விழுக்காடு குறிக்கப்படும் இடந்தோறும், கிராம் புரதத்திற்கு இத்தனை கிலோகலோரி என்னும் எண்ணும் உடன்வர வேண்டும். அறிவியல் தமிழின் கலைச்சொல்லாக்கம் சொல்லுக்குச் சொல் தேடுவதோடு நின்றுவிடலாகாது. கருத்துகளுக்கு இடையிலான உறவையும் அது சொல்லியாக வேண்டும். நீர் அரிதான நிலத்தில் அவ்வுறவு விடுபடுவதன் இழப்பு உழவரையே சேர்கிறது.