சீமைக்கருவேலம்: பிடுங்கியதோடு வேலை முடிந்ததா?

கடப்பாக்கத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் சென்றவர்கள் பக்கிங்காம் கால்வாயையும் அதனையொட்டிய உப்பங்கழியையும் கண்டிருப்பார்கள். இக்கடற்கரை வட்டாரத்து நீர்க்கரைகளுக்குச் சீமைக்கருவேலம் புதிதன்று. அமெரிக்கக் கண்டத்து மரமான இது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. கரைகளிலிருந்து இதை அகற்றவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அகற்றும் முறையில்தான் குறை காண்கிறோம்.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை ஒழிக்க ஆணையிட்டதும் பல மாவட்டங்களில் பொக்லைன் எந்திரங்கள் இறங்கின. ஏப்ரலில் அந்நீதிமன்றத்தின் முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அப்போது மக்களிடையே உலவிய காரணங்கள் விந்தையானவை. இம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுமாம், பிராணவாயுவே தராதாம்! பச்சையமுள்ள எந்தச் செடியும் ஒளிச்சேர்க்கையின்போது பிராணவாயுவை வெளியிடும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். உண்மையான குற்றங்களே போதுமானவை: ஆழ வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது, புதராக மண்டிப் பிற செடிகளை நெருக்கி அழிக்கிறது.

காரணம் தவறினால் முறையும் தவறுகிறது. தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் உள்ளன. தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டுக்குப் பதில் பல தண்டுகள் கிளம்பும். ஏலம் எடுப்பவருக்கோ விறகுதான் கணக்கு. அடிக்கட்டையைத் தோண்டுவது வீண்செலவு. சரி, எந்திரத்தால் வேரோடு பெயர்த்தால்? கரைமண் இளகி, வடகிழக்குப் பருவமழையில் நீருக்குள் சரியும். இனிப்பான நெற்றுகளைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு இட்ட விதைகள், பல ஆண்டுகளாக அந்த மண்ணில் கிடக்கின்றன. இளகிய மண்ணும் முழு வெயிலும் அவற்றுக்குக் கொண்டாட்டம். களையெடுக்க வந்த எந்திரம் உழவும் செய்து கொடுத்துவிடுகிறது!

இதன் நாற்றுக்கு நிழல் ஆகாது. ஆகவே கரையை ஒரேயடியாக மொட்டையடிக்காமல், பகுதி பகுதியாக வெட்டி உடனுக்குடன் நடுவதே வழி. உப்புநீர் ஏறியிறங்கும் விளிம்பில் கண்டலும் தில்லையும் உமரியும் நிற்கும், அதற்கு மேலே தாழை, பூவரசு, புங்கு, மேட்டில் பனை. வெட்டிவேரை எங்கும் நடலாம் என்பாருண்டு. நன்னீர்க் கரைக்கு அது நல்லதே, கழியின் விளிம்புக்கு ஏற்றதன்று. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தில், இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரில், நீர்வழிகளைத் திறந்து நாட்டுச் செடிகளை நட்டு உருவாக்கிய பூங்கா 2011இல் திறக்கப்பட்டது.

தமிழக அரசு 2022இல் வெளியிட்ட கொள்கையின் பெயரிலேயே அயல் தாவரங்களோடு சூழல் மீட்பும் இடம் பெற்றுள்ளது. ஆனால் வெட்டிய ஏக்கர்களைச் சொல்வதுபோல், நட்டுப் பிழைத்தவற்றை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. இம்மரத்தை விறகாக நம்பியிருக்கும் ஏழைக் குடும்பங்களும் கணக்கில் வருவதில்லை. கரையைவிட்டு விலகிய மேட்டில் அவர்களுக்காகச் சில தோப்புகளை விடலாம். மூன்று மழைக்காலமாவது பராமரிப்பதை ஏல நிபந்தனையில் சேர்த்தால் என்ன? மழை விட்டதும் விரலளவு நாற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அடுத்த ஆண்டு அதற்குக் கடப்பாரை வேண்டும்.