ரோஜாவும் நூலும்

அயல்நாட்டிற் குடியேறிய தம்பதிகள் அந்நாட்டாரின் காதல் திருநாளைத் தாமும் கொண்டாடலாமோ என ஐயுறுவோர் உளர். தாராளமாகக் கொண்டாடலாம். ஆயின், அந்நாள் எதனைப் போற்றுகின்றதென ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல் அறிவுடையார் கடன். ஸ்பெயின் தேசத்துக் கத்தலோனியாவில் ஏப்ரல் 23ஆம் நாள் நிகழும் சான் ஜோர்டி திருநாளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அன்று பார்சலோனா நகரத்து வீதிகளில் ரோஜாக் கடைகளும் புத்தகக் கடைகளும் அடுத்தடுத்து நிற்கும். அது பொது விடுமுறை நாளும் இல்லை. வேலைக்குச் செல்வோரே வழியில் நின்று தம் அன்பர்க்கு மலரும் நூலும் வாங்குவர்.

மலருக்கு ஒரு கதை உண்டு. டிராகன் என்னும் கொடிய விலங்கொன்று ஓர் ஊரை வருத்த, மக்கள் சீட்டெடுத்து ஒவ்வோர் உயிராய் அதற்கு இரையிட்டனராம். இளவரசியின் முறை வந்தபோது ஜோர்டி என்னும் வீரன் தோன்றி விலங்கைக் கொன்றான். அதன் குருதி சிந்திய இடத்தில் ரோஜா மலர்ந்தது. அதனைப் பறித்து அவளுக்கு ஈந்தான். கதை இனியதே. ஆனால் இளவரசியின் தொழில் யாது? இரையாதலும் மீட்கப்படுதலும் மலரை ஏற்றலுமேயன்றி வேறில்லை. அவள் வாய்திறந்து ஒரு சொல் கூறினாளென்று கதை சொல்வோர் கருதவுமில்லை!

நூலின் வரலாறு வேறு. விசென்டே கிளாவெல் என்னும் பதிப்பாளரின் முயற்சியால் 1926ஆம் ஆண்டில் ஸ்பெயினில் நூல்நாள் ஏற்பட்டது. அக்டோபர் 7இல் தொடங்கிய அது, 1930இல் ஏப்ரல் 23க்கு மாறிற்று. செர்வாண்டிஸும் ஷேக்ஸ்பியரும் 1616ஆம் ஆண்டில் அதே நாளில் மறைந்தனர் என்பர். இதுவும் ஆராயத்தக்கதே. செர்வாண்டிஸ் மறைந்தது 22ஆம் நாள். அடக்கமே 23ஆம் நாள். இங்கிலாந்து அந்நாளில் பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால், ஷேக்ஸ்பியர் மறைந்தது உண்மையில் பத்து நாட்களுக்குப் பின்னரேயாம்.

இரண்டு வழக்கங்களும் ஒரே நாளிற் கூடியபோது ஒரு முறை பிறந்தது: ஆடவன் பெண்ணுக்கு மலர் தருவான், பெண் ஆடவனுக்கு நூல் தருவாள். என்ன நீதி! வாடும் பொருள் பெண்ணுக்கு, வாடாப் பொருள் ஆணுக்கு! கல்வி யாருக்கு உரியதென்னும் தீர்ப்பு இவ்வினிய வழக்கத்தினுள்ளே மறைந்திருந்தது. நல்வேளையாக, இக்காலத்தில் மகளிரும் நூல் பெறுகின்றனர். ஆடவர்க்கும் ரோஜா கிடைக்கின்றது.

இன்னுமொன்று. 1939இல் பிராங்கோவின் ஆட்சி நிலைத்தபின், கத்தலான் மொழி பள்ளிகளிலும் அரசு அலுவல்களிலும் இடமிழந்தது. அம்மொழியில் நூல் வெளியிடுதலும் அரிதாயிற்று. ஆதலின் அந்நாளில் ஒரு கத்தலான் நூலை விலைகொடுத்து வாங்குவது வெறும் வாணிபமன்று. கடல்கடந்தும் தாய்மொழியைப் பேணும் நம்மவர்க்கு இதன் அருமையை விரித்துரைத்தல் வேண்டா.

ஆகவே அங்குக் குடியேறும் தம்பதிகள் ரோஜாவோடு நின்றுவிடலாகாது. இருவரும் ஒருவர்க்கொருவர் நூல் ஈதல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் அவ்வூர் மொழியில் அமைதல் நன்று. மாலையில் அருகமர்ந்து, தெரியாச் சொல்லை அண்டை வீட்டாரிடம் கேட்டேனும் அதனைப் படிப்பாராயின், அத்திருநாள் அவர்க்கும் சொந்தமாகும். கணவன் மலரை மட்டும் நீட்டுவானாயின், "எனக்குரிய நூல் எங்கே?" என்று மனைவி கேட்கட்டும். கதையில் இளவரசி பேசாதுவிட்ட சொல் அதுவே.