சிக்கனமும் வெறும்பானையும்

சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவர் நமது பாடசாலைகளிலே இல்லை. வரவறிந்து செலவு செய்தல், சிறுதுளி பெருவெள்ளமாதல், எறும்பின் சேமிப்பு என்பன அக்கட்டுரைகளிலே தவறாது இடம்பெறுவன. ஆசிரியர்களாகிய நாமும் அவற்றை எதிர்பார்த்தே புள்ளிகளை வழங்கி வந்திருக்கிறோம். வறிய குடும்பத்தின் வரவு செலவைத் தமிழிலக்கியம் எவ்வாறு நோக்கியது, அவ்விலக்கியத்திலே எப்பகுதியை நாம் மாணவருக்குக் கொடுத்தோம், எப்பகுதியை மறைத்து வைத்தோம் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. அவ்வினாக்களை நம்முள்ளே எழுப்பியது ஒரு மாணவியின் கட்டுரையேயாகும்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே பத்தாந்தர வகுப்பிற்குச் 'சிக்கனத்தின் சிறப்பு' என்னும் தலைப்பைக் கொடுத்திருந்தோம். அம்மாணவி ஒன்றரைப் பக்கமே எழுதியிருந்தாள். அதிலே திருக்குறள் இல்லை; எறும்பும் இல்லை. பாதித் தேங்காயை அவளுடைய தாயார் இரண்டு நாளைக்கு எவ்வாறு வைத்துக்கொள்கிறார், சீனியில்லாத தேநீருக்கு ஒரு துண்டுப் பனங்கட்டியை மூன்று பிள்ளைகளுக்கும் எவ்வாறு பங்கிடுகிறார் என்பனவே இருந்தன. இறுதியில், இரவிலே தாயார் தாம் உண்டுவிட்டதாகக் கூறுவாரென்றும், அதற்கு முன்னரே பானை கழுவும் ஓசை தனக்குக் கேட்டுவிடுமென்றும் எழுதி நிறுத்தியிருந்தாள். நாம் பதினைந்துக்கு ஆறு புள்ளிகள் இட்டோம். "ஏன் பிள்ளை, மேற்கோள் ஒன்றும் காட்டவில்லை?" என்று வினவியபோது, "சேர், வீட்டிலை நடக்கிறதைத்தானே எழுதினனான்" என்றாள். அவ்விடைக்கு அன்று நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

அவள் காட்டாத மேற்கோள்களையே முதலில் நோக்குவோம். சிக்கனக் கட்டுரைகளிலே பெரிதும் எடுத்தாளப்படுவது, வருவாய் சிறிதாயினும் செலவு அதனின் விரியாவிடிற் கேடில்லை எனக் கூறும் குறளாகும். இக்குறள் எங்கே நிற்கின்றது? பொருட்பாலின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலிலே நிற்கின்றது. தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்பவற்றைச் சீர்தூக்கிச் செயலில் இறங்க வேண்டிய அரசனுக்கு உரைக்கப்பட்ட அதிகாரம் அது. அரசனுடைய வருவாய்க்கு வழிகள் உண்டு. செலவிலே அவனுடைய விருப்பத்திற்கு இடமுண்டு. கொடையையும் போரையும் அவன் குறைத்துக்கொள்ளலாம். குறைப்பதற்கு ஏதேனும் உடையவனை நோக்கிச் சொல்லப்பட்ட அறிவுரையைப் பெயர்த்தெடுத்து, நாட்கூலி பெறும் பெண்ணின் அடுக்களைச் சுவரிலே நாம் ஒட்டிவிட்டோம்.

வள்ளுவர் வறுமையை அறியாதவரல்லர். நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களை அவர் அடுத்தடுத்து அமைத்துள்ளார். நெருப்பினுள்ளே துயிலுதல் கூடும், வறுமையினுள்ளே கண்மூடுதல் அரிது என்று கூறுகின்ற அவர், இரந்துதான் வாழவேண்டுமென்று ஒருவனுக்கு விதித்திருப்பின் அவ்வுலகைப் படைத்தவனே அலைந்து கெடுக எனச் சபிக்கும் அளவிற்குச் செல்கின்றார். வறியவனை நோக்கிச் 'சிக்கனமாயிரு' என்று அவ்வதிகாரங்களிலே அவர் கூறவில்லை. வலியறிதலையும் நல்குரவையும் ஒரே நூலில் வைத்த புலவரிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது நமது கல்வி முறையின் தெரிவேயாகும்.

ஔவையாரின் நல்வழிக்கும் இதுவே நேர்ந்தது. முதலுக்கு மிஞ்சிச் செலவிடுபவன் மானமிழந்து, மதிகெட்டு, எல்லோர்க்கும் கள்ளனாவான் என்னும் வெண்பா யாவர்க்கும் மனப்பாடம். அதே நூலிலே வயிற்றைப் பார்த்துப் பேசும் வெண்பா ஒன்றுண்டு. ஒரு நாள் உணவை விட்டிரு என்றாலும் அது கேளாது. இரண்டு நாளைக்கு உரியதைச் சேர்த்து ஏற்றுக்கொள் என்றாலும் கேளாது. தன்னை உடையவரின் துன்பத்தையும் அது அறியாது என்பது அவ்வெண்பாவின் கருத்து. வறியோர் பொருளாதாரத்தின் அடிப்படை உண்மை இந்நாலடிக்குள் அடங்கியிருக்கின்றது. துணியை அடுத்த ஆண்டிற்குப் பிற்போடலாம்; கூரையை அடுத்த மாரிக்குப் பிற்போடலாம்; பசியைப் பிற்போடுதல் இயலாது. வருவாயின் பெரும்பகுதி சோற்றுக்கே செல்லும் வீட்டிலே, செலவைக் குறை என்பதன் பொருள் உணவைக் குறை என்பதேயாம். முதல் வெண்பாவின் கடுமை யார்மீது செல்லும், யார்மீது செல்லாது என்பதை இரண்டாவது வெண்பாவே நமக்கு உணர்த்துகின்றது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமாயின், சங்கப் புலவர்கள் சமையலறைக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கின்றனர். சிறுபாணாற்றுப்படையிலே நத்தத்தனார் காட்டும் அடுக்களையில், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைக் கவ்வுதல் பொறாது ஈன்ற நாய் குரைக்கின்றது. பசியால் மெலிந்த பெண் குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பரே என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு கூடி உண்கின்றாள். உப்பில்லாமையும் அடைத்த கதவும் இங்கு ஊன்றி நோக்கத்தக்கவை. வறுமை உடலை வருத்துவதோடு அமையாது, தன்னை மறைக்கும் வேலையையும் வறியவர்மீதே சுமத்துகின்றது. உண்டுவிட்டதாகக் கூறும் அத்தாயும் ஒரு கதவையே அடைத்தார்.

புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் இதனை மேலும் ஒருபடி எடுத்துச் செல்கின்றார். 160ஆம் பாட்டிலே, அவருடைய பிள்ளை வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகின்றது. புலி வருகிறதென்று அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் தாய் நொந்து போகின்றாள். 163ஆம் பாட்டிலே, குமணன் கொடுத்த பெருஞ்செல்வத்தோடு வீடு திரும்பிய புலவர் மனைவியை விளித்துப் பேசுகின்றார். நீ விரும்புவோர்க்கும், உன்னை விரும்புவோர்க்கும், சுற்றத்தின் பசி தீர உனக்குக் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும், இன்னார் என்னாது, என்னையும் கேளாது கொடு. வைத்துக்கொண்டு நன்றாக வாழ்வோம் என்று எண்ணாதே என்கிறார்.

குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. அப்பெண் இத்தனை நாளும் பிள்ளைகளைக் காத்தது எவ்வாறு என்பதை இவ்வொரு சொல் நமக்குக் கூறிவிடுகின்றது. அயல்வீட்டாரும் செல்வரல்லர், செல்வராயின் அளவு பார்த்துக் கொடுத்திரார். இல்லாதோர் இல்லாதோர்க்கு அளந்து கொடுத்து, அளந்து வாங்கி உயிர் வாழ்ந்தனர். இன்றும் நமது ஒழுங்கைகளிலே ஒரு சுண்டு அரிசியும் ஒரு பேணி சீனியும் வேலிக்கு மேலாகக் கைமாறுகின்றன. செல்வம் வந்தவுடன் அதனைப் பெட்டியிலே பூட்டாமல், பட்டினி நாளிலே கைகொடுத்தோரை நினைக்குமாறு புலவர் கூறுவது வெறும் தாராளமன்று. அது கடன் தீர்த்தல். சேமிப்பைத் தனியொருவரின் பெட்டியாக மட்டுமே காணும் நமது கட்டுரைகளுக்கு இப்பாட்டு விளங்காது.

இலக்கியத்திலே மறைக்கப்பட்டது அரசியலிலே எவ்வாறு பயன்பட்டது என்பதையும் சுருக்கமாகக் காணல் தகும். 1953இலே பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் வெட்டப்பட்டது. நாட்டின் கணக்கைச் சரிசெய்வதற்கே என்று கூறப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் மக்கள் ஹர்த்தாலினால் விடையளித்தனர்; அமைச்சரவை துறைமுகத்திலே நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டியதாயிற்று; ஒக்ரோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

இடதுசாரிகளாகிய நாம் பெருமையோடு நினைவுகூரும் நாள் அது. ஆயினும், அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராக இருந்த காலத்திலே, இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட வடபகுதிக் கமக்காரர் சிலர் கல்வீடு கட்டினர்; 1973, 1974ஆம் ஆண்டுகளிலே மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். ஒரே சிக்கனம், ஒரே நாடு, விளைவோ ஒன்றாகவில்லை. இதனைச் சொல்லத் தயங்குவது முற்போக்காகாது. 2022 ஜூனில், அத்தியாவசிய சேவையாளர் நீங்கலான அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கி, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு கூறப்பட்டது. தோட்டம் செய்வது நன்று. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முன்னைய ஆண்டில் 100 ரூபாவிற்கு வாங்கிய உணவிற்கு ஏறத்தாழ 195 ரூபா வேண்டியிருந்தது. சம்பளம் நின்ற இடத்திலே நிற்க விலை இரட்டிக்குமாயின், வீட்டுத் தலைவியின் சாமர்த்தியம் அப்பள்ளத்தை நிரப்பாது. லயன் அறையிலும் வாடகை அறையிலும் வாழ்வோர்க்குத் தோட்டம் செய்யும் நிலந்தான் எங்கேயுள்ளது?

இனி, நமது நவீன புனைகதைக்கு வருவோம். புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' என்னும் சிறுகதையிலே எழுத்தாளர் முருகதாசரின் வீட்டுக் கணக்கு கண்ணீரின்றிக் காட்டப்படுகின்றது. கடைக்காரனின் பாக்கிக்கு நண்பரிடம் கைமாற்றுக் கேட்பதும், நாளைய கவலையை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுவதுமாகக் கதை முடிகின்றது. அங்கே எவரும் தியாகியாக உயர்த்தப்படவில்லை. ஒரு நாள் எவ்வளவு கடினமாகக் கழிகின்றது என்பதை அறிகிறோம்.

நமது முற்போக்குச் சிறுகதைகளிற் பலவற்றிலே இக்கணக்கு காணப்படுவதில்லை. வறுமை உண்டு, கண்ணீர் உண்டு, இறுதியிலே கோபமும் உண்டு. வீட்டினுள் எத்தனை ரூபா வந்தது, அது எவ்வழியே வெளியேறியது என்பது மட்டும் இல்லை. தாய் உண்ணாதிருப்பாள், எழுத்தாளர் அவளைத் தெய்வமாக்கி விடுவார். தெய்வமாக்கப்பட்டவளுக்குப் பசி இருப்பதாக வாசகர் நினைப்பதில்லை. பழைமைவாதி அப்பெண்ணின் பட்டினியைச் 'சிக்கனம்' என்கிறார். நாம் 'தியாகம்' என்கிறோம். இரு சொற்களும் அவளுடைய வெறும்பானைக்கு மூடியாகவே பயன்படுகின்றன.

கணக்கைக் காட்டினால் என்ன தெரியவரும்? சிக்கனமாயிருக்க முதல் வேண்டும் என்பது தெரியவரும். ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வாங்க இயலாதவர் காற்போத்தலாக நான்கு முறை வாங்கி, முடிவிலே கூடுதலாகக் கொடுக்கிறார். கொப்பியிலே கடன் எழுதி வாங்குபவர், விலை குறைந்த வேறு கடைக்குப் போகமுடியாது. பழைய பாக்கி அவரை அக்கடையோடு கட்டிவைத்திருக்கின்றது. அடகு வைத்த தோட்டை மீட்பதற்குள் வட்டி ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றது. ஏழை ஊதாரித்தனத்தால் ஏழையாகவில்லை. ஏழையாயிருப்பதே செலவு மிகுந்ததாகவுள்ளது. இச்சிறு உண்மைகளைக் கதைக்குள் கொண்டுவரும் எழுத்தாளரே யதார்த்தவாதி எனப்படுதற்கு உரியவர்.

சிக்கனமே வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. உழைப்பாளி மக்களின் சிக்கனம் ஓர் அறிவு. 1990இன் பின்னர் வடபகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்த ஆண்டுகளிலே, ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியேற்றிய விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. சவர்க்காரமில்லாத வீடுகளிலே பனங்காயினால் உடுப்புத் தோய்த்தனர். அவ்வறிவு போற்றுதற்குரியது. அதனை உருவாக்கிய தடை போற்றுதற்குரியதன்று. இவ்வேறுபாட்டை மறந்து 'நம்மவர் எதையும் தாங்குவர்' என்று மேடையிலே முழங்குவோர், தாங்கவைத்தோரை விடுவித்துவிடுகின்றனர். மேலும், அவ்வறிவு தனிவீட்டினுள்ளே அடைபட்டிருக்கும்வரை பட்டினியாகவே முடியும். பலர் கூடும்போதே பலமாகும். ஐக்கிய நாணய சங்கங்களும், சங்கக்கடைகளும், மரணாதார சங்கங்களும், பெண்களின் சீட்டும் குறியெதிர்ப்பையின் வளர்ச்சிகளே. இவற்றைப் பற்றி எழுதப்பட்ட கதைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைப்பது பெரிய திட்டமொன்றன்று. வலியறிதலைக் கற்பிக்கும் நாளிலே நல்குரவையும் கற்பிப்போம். முதலுக்கு மிஞ்சிய செலவைக் கண்டிக்கும் வெண்பாவின் அருகிலே வயிற்றோடு பேசும் வெண்பாவை வைப்போம். புறநானூற்றின் 160ஐயும் 163ஐயும் சேர்த்து வாசிப்போம். கட்டுரைக்குத் தலைப்புக் கொடுக்கும்போது, 'சிக்கனத்தின் சிறப்பு' என முடிவை முன்கூட்டியே விதித்துவிடாமல், 'எங்கள் வீட்டு வரவும் செலவும்' என்று கொடுத்துப் பார்ப்போம். எழுத விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதிருப்போம். கதவை அடைப்பதற்கும் அவர்களுக்கு உரிமையுண்டு.

அம்மாணவி பின்னர் வேறு பாடசாலைக்குச் சென்றுவிட்டாள். அவளுடைய கட்டுரையை நாம் பலமுறை நினைவிலே மீட்டுப் பார்த்திருக்கிறோம். பானை கழுவும் ஓசையை எழுதிய அவள், வெறுங்கலத்தைத் திறந்து அழுத பிள்ளையைப் பாடிய புலவரின் மரபிலே, அவரை வாசியாமலே நின்றிருக்கிறாள். மேற்கோள் காட்டவில்லை என்று அவளிடம் குறைகண்ட நாம், அவள் எழுதியதே மேற்கோளாகத்தக்கது என்பதை அறியாதிருந்தோம். ஆறு புள்ளிகள் அவளுடைய கட்டுரைக்கு உரியனவல்ல. இலக்கியம் கற்றோம் என்று எண்ணியிருந்த நமக்கே உரியன.