துருவுக்கும் ஒரு காரணம் வேண்டும்

கடையில் வாங்கும் மாதிரி ரயில்பெட்டி பளபளவென்று இருக்கும். அதன்மேல் துரு, கரி, புழுதி எல்லாம் ஏற்றி, பல ஆண்டுகள் உழைத்த வண்டியாகக் காட்டும் வேலையை அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் ‘வெதரிங்’ என்கிறார்கள். 1:87 அளவுள்ள ஹெச்ஓ ரயில்களில் இதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலால் அவர் ஒளிப்படக்காரர். அவர் கட்டிய ‘கோரே அண்ட் டஃபெடிட்’ என்ற மாதிரி மலை ரயில்பாதை, 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீக்கிரையானது. படங்கள் வழியே அவர் பாணி நிலைத்துவிட்டது.

இந்தக் கலையின் முதல் பலம், வேறு பொய்களை மறக்கச் செய்வது. ஹெச்ஓவில் ஒரு மைல் என்பது 18 மீட்டருக்கும் மேல்; எந்த வீட்டு அறையும் அதற்குப் போதாது. பலரும் போடும் 18 அங்குல ஆர வளைவு, நிஜத்தில் 40 மீட்டர் ஆரம்தான். பெரிய எஞ்சின் ஓடும் முதன்மைப் பாதையில் அப்படி ஒரு வளைவு இருக்கவே முடியாது. ஆனால் மினுக்கு மங்கி, பலகை இடுக்குகளில் கறுப்பு மை இறங்கியதும், 14 சென்டிமீட்டர் பெட்டிக்குக் கனம் வந்துவிடுகிறது. அறை விளக்கு தராத நிழலை மை தருகிறது. கண் அதை நம்பிவிட்டால் வளைவின் ஆரத்தை அளக்கப் போவதில்லை.

இரண்டாவது பலம், வண்டிக்கு ஒரு வரலாறு கிடைப்பது. 1950களின் அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளை அவ்வப்போது மறுபடி எடை போட்டு, பழைய எடையின்மேல் பெயின்ட் அடித்துப் புதிய எடையையும் தேதியையும் எழுதுவார்கள். அழுக்கேறிய பக்கவாட்டில் அந்தச் சின்னச் சதுரம் மட்டும் புதிதாகத் தெரியும். அதைத் தீட்டியவர் பெட்டியின் பிழைப்பை அறிந்தவர்.

குறை தொடங்குவது, அறிவின் இடத்தைச் சமையல் குறிப்பு பிடிக்கும்போது. ஒரே பழுப்பு ஏர்பிரஷ், ஒரே பொடி, ரயில் முழுவதும் ஒரே அழுக்கு. அதே 1950களின் பெட்டிகளுக்கு ஆரஞ்சுத் துருச் சக்கரம் தீட்டுகிறார்கள். அன்றைய பேரிங் பெட்டிகளில் ஊற்றிய எண்ணெய் கசிந்து, சக்கரத்தில் கரும்பிசுக்காகப் படியும்; காய்ந்த துருச் சக்கரம் பின்னாளில் ரோலர் பேரிங்கோடு வந்தது. கூரை சரிந்த கட்டடங்களும் இப்படித்தான் பெருகின. எஞ்சினுக்குப் பதில் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசர் ஒன்றைப் பெட்டி தள்ள விட்டவர் ஆலன். அவருடையது தெரிந்தே மிகைப்படுத்திய நாடகம். பின்வந்தவர்கள் அந்த மிகையை யதார்த்தம் என்று எடுத்துக்கொண்டதால், பல பாதைகள் திவாலான கம்பெனி போல நிற்கின்றன.

ஓட்டுபவருக்கு வேறு தொல்லையும் உண்டு. தண்டவாளத்தின் மேல்முகத்திலோ எஞ்சின் சக்கரத்தின் ஓடுமுகத்திலோ வண்ணம் பட்டால் மின்சாரம் தடைபட்டு வண்டி நின்றுவிடும். தவறாகத் தீட்டியதை அழிப்பதும் எளிதல்ல.

எந்தக் கறையைக் காட்டி ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டாலும் செய்தவரிடம் பதில் இருக்க வேண்டும்: ஆணியிலிருந்து வழிந்த மழைநீர், புகைபோக்கிக் கரி, சக்கரம் வாரியடித்த சேறு. பதில் இல்லாத கறையைவிடக் கடைப் பளபளப்பே மேல். அதற்காவது, அன்றுதான் தொழிற்சாலையை விட்டு வந்தது என்ற காரணம் இருக்கிறது.