கழற்றிய சரக்கு

சென்னை ரிச்சி தெருவில் புது எலக்ட்ரானிக்ஸ் உதிரிப் பாகம் யாரும் வாங்கிவிடலாம். ரசனையைக் காட்ட வேண்டிய இடம், பழைய போர்டுகளிலிருந்து கழற்றிக் குவித்த சரக்கு. அதைத் துழாவுகிற கையைப் பாருங்கள். ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு கண்ணில் பட்டதுமே வாய் ‘ஒன் கே’ என்றுவிடும், மீட்டர் அப்புறம்தான். கெபாசிட்டர் என்றால் முதலில் தலை. உப்பியிருந்தால் திரும்ப டப்பாவுக்கே. உப்பாததையும் நம்ப முடியாது. எலக்ட்ரோலைட்டிக் வகை வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகும். 2என்3055 டிரான்சிஸ்டரில் போலி உலவுவதால், விவரமானவர்கள் உள்ளங்கையில் வைத்து கனம் பார்ப்பார்கள்.

“ஓடுமாண்ணே?”

“செக் பண்ணி எடுத்துக்கப்பா. வெளிய போனா ரிட்டர்ன் கிடையாது.”

நேர்மையான வியாபாரம் என்றே சொல்வேன்.

ஆர்வலர்களுக்குள் நடக்கும் கைமாற்று இன்னும் சுவாரசியம். ஒரு எல்இடி தேவைப்பட்டவர் நூறு கொண்ட பாக்கெட்டாக வாங்கியிருப்பார். மிச்சத்தில் பத்தைக் கொடுத்து இரண்டு 555 ஐசி வாங்கிக்கொள்வார். 1972இல் சந்தைக்கு வந்த ஐசி அது, இன்றும் செலாவணியில் இருக்கிறது. விலைக் கணக்கு சரிவராது. ஆனால் அவருடைய அலாரம் சர்க்யூட் அன்று ராத்திரியே அலறும்.